மும்பை வெயிலில் மெழுகு: பொம்மைப் பாகங்கள் செதுக்கிய அனுபவம்

ஆறங்குல ஆக்‌ஷன் ஃபிகர்களுக்கு, அதாவது கைகால் மூட்டு அசையும் பொம்மைகளுக்கு, தலை, கை, வாள், கவசம் என்று தனிப் பாகங்கள் செய்ய மெழுகுக்கு மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. அதற்கு முன்னால் எம்-சீல் (இரண்டு பாகங்களைக் கலந்தால் இறுகும் பூச்சு), பாலிமர் களிமண் இரண்டிலும் நிறையவே வேலை செய்திருக்கிறேன். விளிம்பு கூர்மையாக வேண்டிய சின்னப் பாகம் எதுவானாலும் இப்போது மெழுகைத்தான் எடுக்கிறேன்.

1:12 அளவில் ஆள் உயரமே 15 செ.மீ. தான், தலை சுமார் 2 செ.மீ. அதில் கண்ணிமை என்பது கால் மில்லிமீட்டர் சமாச்சாரம். களிமண்ணில் வலது கண்ணைச் செய்யும்போது விரல் பட்டு இடது கண் நசுங்கிவிடும். எம்-சீலைக் கலந்த நிமிடத்திலிருந்து அது இறுகிக்கொண்டே போகும், நம் வேகத்துக்கு அது காத்திருக்காது. கெட்டி மெழுகு அப்படியில்லை. சாதாரண அறைச் சூட்டில் பிளாஸ்டிக் போல உறுதியாக நிற்கும். அரம் போடலாம், ரம்பத்தால் அறுக்கலாம், சுரண்டலாம். மூக்கு கொஞ்சம் அதிகமாகக் குறைந்துவிட்டால் சூடான ஊசிமுனையில் ஒரு சொட்டு எடுத்து வைத்தால் போதும், சில நொடிகளில் இறுகி மறுபடி செதுக்கத் தயாராகிவிடும். கூட்டவும் குறைக்கவும் இவ்வளவு சுலபமாக இடம் தரும் பொருளை நான் வேறு பார்த்ததில்லை. கணினி வருவதற்கு முன் அமெரிக்கப் பொம்மைத் தொழிலில் மூல உருவங்கள் பலவற்றை இரண்டு மடங்கு அளவில் மெழுகில் செதுக்கி, அப்புறம் சிறிதாக்கினார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஜவேரி பஜார் பக்கம் நகைப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் செதுக்கு மெழுகு கட்டியாகக் கிடைக்கும். பொதுவாகப் பச்சைதான் மிகக் கெட்டி, ஊதா நடுத்தரம், நீலம் வளைந்துகொடுக்கும். வாள், பெல்ட் பக்கிள், துப்பாக்கிக்குப் பச்சை. துணி மடிப்புக்கும் முடிக்கும் நானே ஒரு கலவை காய்ச்சிக்கொள்கிறேன். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்ப்பார்கள் இல்லையா, அதே முறைதான். எண்ணெயை மட்டும் மிகவும் குறைத்துக்கொள்கிறேன், மும்பையில் அதற்குமேல் இளக்கம் தேவைப்படாது.

இந்த ஊர்ச் சூட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரியில் என்றாலும், 35 டிகிரியிலேயே இளகி விரல்ரேகை பதிய ஆரம்பித்துவிடும். மே மாத மதியத்தில் என் மாட்டுங்கா அறையில் அந்தக் கலவையைத் தொடுவதே இல்லை, விடியற்காலையில்தான் வேலை. பச்சை மெழுகு 100 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் அதற்கு வெயில் ஒரு பொருட்டில்லை. கைச்சூடும் சேர்ந்துகொள்ளும் என்பதால் தலையை ஒரு கம்பியில் குத்திக் கம்பியைப் பிடித்துக்கொண்டு செதுக்குங்கள். தேன்மெழுகுக் கலவையைக் காய்ச்சும்போது நேரடித் தீ கூடவே கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துத்தான் உருக்க வேண்டும்.

மெழுகு முடிவுப் பொருளும் இல்லை. மெல்லிய விரலும் வாள்முனையும் லேசாக இடித்தாலே போய்விடும், அதனால் சிலிகான் அச்செடுத்து, திரவமாக ஊற்றினால் கெட்டிப் பிளாஸ்டிக்காக இறுகும் ரெசினில் வார்த்தே ஆக வேண்டும். சிலிகான் மெழுகில் ஒட்டாது. கந்தகம் கலந்த களிமண்ணில் பிளாட்டினம் வகை சிலிகான் இறுகாமல் தொல்லை தரும், மெழுகில் அந்தப் பிரச்சினை கிடையாது. அச்சிலிருந்து எடுக்கும்போது மூலம் உடைந்தாலும் கவலைப்பட வேண்டாம். முதல் ரெசின் பிரதியைத் தேய்த்துச் சரிசெய்து அதையே புது மூலமாக வைத்துக்கொள்கிறேன். உண்மையான சிக்கல் மழைக்காலத்தில்தான். பாலியூரிதேன் ரெசின் ஈரத்தோடு சேர்ந்தால் நுரைத்துக் குமிழ் விடும். ஜூலையில் நான் செதுக்க மட்டும் செய்வேன், வார்ப்பையெல்லாம் அக்டோபருக்குத் தள்ளிவிடுவேன். ரெசின் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல், அதற்கேற்ற முகமூடியும் திறந்த ஜன்னலும் இல்லாமல் டப்பாவையே திறக்காதீர்கள்.

மூட்டுகளுக்கு மெழுகை நம்ப வேண்டாம். பந்து மூட்டின் குழியை மெழுகில் செய்யலாம், ஆனால் அதில் பந்தை அழுத்திப் பொருத்திப் பார்த்தால் விரிசல் விடும். வெர்னியரில் அளந்து செதுக்கி, பொருத்துவதை ரெசின் பிரதியில் வைத்துக்கொள்வதே நல்லது. அதையும் முதலில் வெந்நீரில் முக்கி இளக்கிக்கொண்டால் உடையாது.

தாராவி 90 அடி ரோட்டில் இருக்கும் ஒரு தம்பி, "அண்ணா, எம்-சீல்லயே நல்லா வருதே, இதுக்கு எதுக்கு மாறணும்?" என்று கேட்டான். பெரிய கவசத்துக்கும் பீடத்துக்கும் எம்-சீலே போதும், அதை விட வேண்டாம் என்றேன். முகமும் விரலும் செய்யப் போகிறாய் என்றால் ஒரு பச்சைக் கட்டி, பல் மருத்துவச் சாமான் கடையில் ஒரு லெக்ரான் கார்வர் (மெழுகு செதுக்கும் சின்னக் கருவி), ஒரு ஸ்பிரிட் விளக்கு, இவ்வளவு வாங்கி முதலில் ஒரு வாள்பிடி செய்து பார் என்று சொன்னேன். சூடான முனையால் மெழுகை உருக்கும் எலெக்ட்ரிக் மெழுகுப் பேனாவை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.