பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையம்) இலவச கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை: போகலாமா?

போகலாம். 30 வயது தாண்டிய பெண்கள் தயங்காமல் போகலாம். காசு கிடையாது, டாக்டருக்காகக் காத்துக்கிடக்கவும் வேண்டாம், தொற்றா நோய்ப் பிரிவு நர்ஸே பிரஷர், சுகர் பார்த்து, வாயையும் மார்பையும் சோதித்துவிட்டு அப்புறம் இதையும் செய்துவிடுகிறார். கருப்பை வாயில் அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் விட்டால், செல்கள் மாறியிருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். வலி பெரிதாக இல்லை, உள்ளே பார்ப்பதற்காக விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் கருவியை வைக்கும்போது கொஞ்சம் சங்கடமாக இருக்கும். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் வெறும் திரையை மட்டும் தொங்கவிட்டிருந்ததுதான் எனக்கு அதைவிடச் சங்கடம். மாதவிலக்கு நாட்களில் போகாதீர்கள்.

"கண்ணால் பார்த்துச் சொல்வதெல்லாம் ஒரு டெஸ்டா, ஏழைகளுக்கு ஒப்புக்குச் செய்வது" என்றார் என் நாத்தனார். அப்படி இல்லை. நம்ம திண்டுக்கல் மாவட்டத்திலேயே 2000இல் தொடங்கி, 30 முதல் 59 வயதுவரை உள்ள சுமார் 80,000 பெண்களை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள், பார்த்ததும் பயிற்சி பெற்ற நர்ஸ்கள்தான். 2007இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: பரிசோதனை நடத்திய பகுதிகளில், நடத்தாத பகுதிகளைவிட, இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும் இதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைவு. ஆனால் அங்கே வெள்ளை தெரிந்தவர்களை அன்றே கால்போஸ்கோப்பில் (கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே கிரையோதெரபியும் கொடுத்தார்கள், அதாவது மாறிய செல்களைக் குளிரால் உறையவைத்து அழித்துவிடுவது.

நான் போன இடத்தில் ஓட்டை அங்கேதான். கூட வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு பாசிட்டிவ். துண்டுச் சீட்டில் கிறுக்கி "ஜி.எச்.ல காட்டுங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள், எந்தக் கிழமை, எந்த அறை, எதுவும் இல்லை. கூலியை விட்டுவிட்டுப் போனால் அங்கே "கால்போஸ்கோபி இன்னிக்குக் கிடையாது" என்கிறார்கள். புண்ணோ அழற்சியோ இருந்தாலும் வெள்ளை தெரியலாம், பாசிட்டிவ் என்றாலே புற்றுநோய் இல்லை என்று சொல்ல அரை நிமிடம் போதும், அதைக்கூட யாரும் சொல்லாததால் அக்கா பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தார். இப்படி நடுவழியில் விட்டால் எத்தனை பேர் அடுத்த தடவை கிளம்புவார்கள்?

அதனால் பரிசோதனைக்கு 5க்கு 4, அதற்குப் பிறகு நடப்பதற்கு 1. போகிறவர்கள் முடிவை எழுதி வாங்குங்கள், பாசிட்டிவ் என்றால் எங்கே, எந்த நாளில் போக வேண்டும் என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள். நெகட்டிவ் என்றால் ஐந்து வருடம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். மாதவிலக்கு நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே ஏறிவிடும், அவர்களுக்கு இந்த முறை அவ்வளவு சரிவராது, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. டெஸ்ட் எங்கே எடுக்கலாம் என்று கேளுங்கள்.