மேம்பாலமா, ரவுண்டபவுட்டா, சிக்னலா?

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர் போல முதலாம் எண் கூட்டரசுச் சாலை ஊடே போகும் தோட்டப் பட்டணங்களில், காலை ஏழு மணி நெரிசலைப் பார்த்தவர் எவரும் முதலில் கேட்பது மேம்பாலம்தான். என் ஓட்டு சிக்னலுக்கு. இருப்பதை அப்படியே விடச் சொல்லவில்லை. வலது பக்கம் திரும்பத் தனித் தடமும், இடது பக்கம் நிற்காமல் திரும்ப வழியும் சேர்த்து அகலப்படுத்திய சிக்னல்.

மேம்பாலம் நேராகப் போகிறவர்களுக்குத்தான் உதவும். 1994-இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்ததும், நெடுந்தூர வண்டிகளில் பெரும்பகுதி அங்கே மாறிவிட்டது. ஊருக்குள் நெரிப்பவை பள்ளிக்கும் சந்தைக்கும் ஆலைக்கும் திரும்புபவை. பாலத்துக்குக் கீழேயும் அவற்றுக்குச் சிக்னல் வேண்டும். அதோடு, 7 மீட்டர் ஏற 5 விழுக்காட்டுச் சரிவில் பக்கத்துக்கு 140 மீட்டர் தேவை. அத்தனை நீளத்துக்கும் கடைவீடுகளின் வாசலில் சுவர் எழும்.

ரவுண்டபவுட் பாதுகாப்பானது. நாற்சந்தியில் வண்டிகள் மோதக்கூடிய புள்ளிகள் 32, ஒற்றைத் தட ரவுண்டபவுட்டில் 8. மின்சாரம் போனாலும் கவலையில்லை. ஆனால் பெரிய சாலையில் வண்டிகள் விடாமல் வந்தால், செம்பனைக் குலை ஏற்றிய லோரி தோட்டச் சாலையிலேயே காத்துக் கிடக்கும். பாரத்தோடு கிளம்ப அதற்குக் காரைவிட நீண்ட இடைவெளி வேண்டும்.

சிக்னலில் வலத் தடத்தின் நீளத்தைக் குறைக்கவே கூடாது. லோரி ஒன்றுக்கு 15 மீட்டர் என்றால் நான்குக்கு 60 மீட்டர். ஐந்தாவது லோரியின் வால் நேர்த் தடத்தில் நீட்டிக்கொண்டிருந்தால், பச்சை எரிந்தும் பின்னால் இருப்பவர் நகர முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் பராமரிப்பு. நிறுத்தக் கோட்டுக்கு முன் தாரில் செவ்வகமாக வெட்டிய கோடு தெரியும். அதற்குள் சில சுற்றுக் கம்பி புதைந்திருக்கும். வண்டி நிற்பதை உணர்வது அந்தக் கம்பிதான். லோரிகள் பிரேக் போடப் போட, வெயிலில் இளகிய தார் நெளிந்து கம்பியை அறுக்கும். குழாய்க்குத் தோண்டினாலும், மறுதார் போடச் சுரண்டினாலும் அறுந்துவிடும். அறுந்தால், வண்டி எப்போதும் நிற்பதாகவே சிக்னலை இயக்கும் பெட்டி எடுத்துக்கொண்டு, முழுப் பச்சையையும் அந்தப் பக்கத்துக்குக் கொடுக்கும். 10 விநாடி போதுமான தோட்டச் சாலைக்கு 30 விநாடி போனால் சுற்றுக்கு 20 விநாடி வீண். இரண்டு நிமிடச் சுற்றில் மணிக்கு 10 நிமிடம். இரண்டு விநாடிக்கு ஒரு கார் என்றால், பெரிய சாலையின் ஒவ்வொரு தடத்திலும் 300 கார் குறைகிறது! வெளியே பார்த்தால் விளக்குகள் ஒழுங்காக மாறிக்கொண்டிருக்கும், அதனால் யாரும் புகார் செய்வதில்லை. ஆளில்லாத இரவிலும் தோட்டச் சாலைக்கு நீண்ட பச்சை வந்தால் கம்பியைச் சந்தேகிக்கலாம்.

கம்பத்தில் கேமரா வைத்தால் தாரை வெட்டவே வேண்டாம். ஆனால் அடைமழையும் அழுக்கேறிய கண்ணாடியும் அதைத் தடுமாற வைக்கும். துடைக்க ஆள் வேண்டும்.

புதிய வீடமைப்புகள் வந்தால் பத்து ஆண்டுக்குப் பிறகும் இந்தச் சிக்னல் தாங்குமா என்று இன்று அடித்துச் சொல்ல மாட்டேன். கம்பியைக் கவனிக்க ஆளே இல்லாத ஊருக்கு ரவுண்டபவுட்டே மேல். கூட்டரசுச் சாலை பொதுப்பணித் துறையிடமும் கடைத்தெரு ஊராட்சி மன்றத்திடமும் இருப்பதால், நான்கு பக்கக் கம்பிக்கும் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். மறுதார்க் குத்தகையில் கம்பியைத் திரும்பப் பதிக்கும் செலவும் சேர்ந்திருக்க வேண்டும்.