மூக்குத்தண்டை அளந்து பார்த்துக் கண்ணாடி தரும் கடை

மதுரை டவுன் ஹால் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றின் முதல் மாடியில் இயங்கும் இந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம்கள் ஏராளமாக இல்லை, விலையும் மலிவன்று. ஆயினும், மருத்துவர் எழுதிக் கொடுத்த பவர் சீட்டைக் கையில் வாங்குமுன் வாடிக்கையாளரின் முகத்தை அளந்து குறித்துக்கொள்ளும் வழக்கம் இங்கே இருப்பதால், கண்ணாடி நழுவுகிறதே என்று அலுத்துப்போனவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை எல்லாக் கடைகளிலும் அளக்கிறார்கள். இங்கே அதனுடன் மூக்குத்தண்டின் அகலம், கண்ணின் மட்டத்திலிருந்து அது முன்னோக்கி எழும்பியிருக்கும் அளவு, நெற்றியின் இரு பக்கமும் பொட்டுக்குப் பொட்டு உள்ள தூரம், காதின் பின்வளைவு தொடங்கும் இடம் ஆகியவற்றையும் அளக்கிறார்கள்.

இந்த அளவுகள் ஏன் வேண்டும் என்பது எலும்பைப் பார்த்தால் விளங்கும். மூக்கின் நுனியும் மடல்களும் குருத்தெலும்பால் ஆனவை. கண்ணாடியின் எடை பெரும்பாலும் அவற்றுக்கு மேலே, நெற்றியெலும்புக்குக் கீழே கூரைபோல் சாய்ந்து சேரும் இரண்டு சிறிய மூக்கெலும்புகளின் மீது இறங்குகிறது. அந்தக் கூரை செங்குத்தாக உயர்ந்திருந்தால் பிரேம் வைத்த இடத்தில் நிற்கும். தாழ்ந்து அகன்றிருந்தால் சரிந்து கன்னத்தில் உட்காரும். கன்ன எலும்புகள் முன்னோக்கித் துருத்தியிருப்பவர் சிரித்தால் பிரேமின் கீழ்விளிம்பு மேலே தள்ளப்படும். வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே வழக்கமாக 12 முதல் 14 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பதும், தூரத்தையும் கிட்டத்தையும் ஒரே வில்லையில் பார்க்க உதவும் புரோகிரஸிவ் வில்லையில் படிக்கும் பகுதி மிகக் குறுகியது என்பதும் தெரிந்தவர்களுக்கு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் சரிவு எவ்வளவு தொல்லை தரும் என்று சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் வியர்வையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

பிரேமின் உட்புறத்தில் 52, 18, 140 என்பதுபோல் மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது வில்லையின் அகலம், இரண்டாவது இரு வில்லைகளுக்கும் இடைப்பட்ட தூரம், மூன்றாவது காதில் மாட்டும் கையின் நீளம். மூக்கு எவ்வளவு உயரம், எந்தச் சாய்வு என்பதைப் பற்றி இந்த எண்கள் ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே 18 என்று அச்சிட்ட இரண்டு பிரேம்களில் ஒன்று பொருந்தி மற்றது நழுவுவதில் வியப்பில்லை. இணையத்தில் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாறுவதும் இதனால்தான்.

இந்தக் குறையைச் சரிசெய்ய வந்தவைதாம் ‘ஏசியன் ஃபிட்’ என்னும் பெயரில் விற்கப்படும் பிரேம்கள். உயர்ந்து குறுகிய மூக்குத்தண்டை மனத்தில் கொண்டு வார்க்கப்பட்ட ஐரோப்பிய பிரேம்கள் கிழக்காசிய முகங்கள் பலவற்றில் நிற்கவில்லை. எனவே மூக்குத் தாங்கிகளைப் பெரிதாக்கி, பிரேமின் வளைவைக் குறைத்தார்கள். சராசரியாகப் பார்த்தால் கிழக்காசிய மக்களிடையே மூக்கின் வேர்ப்பகுதி தட்டையாகவும் கன்ன எலும்புகள் முன்தள்ளியும் இருப்பது உண்மைதான். ஆனால் சராசரி என்பது ஒருவருடைய முகம் அன்று. ஹார்வர்டில் பணியாற்றிய வில்லியம் ஹோவெல்ஸ் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 2,500-க்கும் மேற்பட்ட மண்டையோடுகளை அளந்து வைத்தார். அந்த அளவுகளை ஆராய்ந்த ஜான் ரெலெத்ஃபோர்டு, மொத்த வேறுபாட்டில் ஏறத்தாழ 81 விழுக்காடு ஒரே வட்டாரத்து மக்களுக்குள்ளேயே காணப்படுவதாகவும், கண்டங்களுக்கு இடையிலான வேறுபாடு 13 விழுக்காடு அளவில் நிற்பதாகவும் 2002-இல் காட்டினார். இந்தக் கடையிலும் அப்பெயர் ஒட்டிய தனி அடுக்கு உண்டு. என் அக்காவுக்கு அதிலிருந்து ஒரு பிரேமை எடுத்துத் தந்தவர்கள், எனக்கு எதிர்ப்பக்க அடுக்கிலிருந்து எடுத்துத் தந்தார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கே அடுக்கு மாறும்போது அந்தப் பெயர்ச்சீட்டால் யாருக்குப் பயன்? ‘தாழ்ந்த தண்டு’, ‘உயர்ந்த தண்டு’ என்று எழுதி வைத்தால் போதும்.

அளவுகோலை முகத்தருகே கொண்டுவரும்போது, இதே மாகாணத்தில் ஒரு நூற்றாண்டுக்கு முன் நடந்த வேறொரு அளவெடுப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கும் நாசிக் குறியீட்டைக் கொண்டு சாதிகளின் சமூக நிலையையே சொல்லிவிடலாம் என்று ஆங்கிலேய ஆட்சி அதிகாரியான ஹெர்பர்ட் ரிஸ்லி வாதிட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் தென்னிந்தியா முழுவதும் மூக்குகளை அளந்தார். மூக்கின் அகலத்திலிருந்து ஒருவரின் மதிப்புக்குத் தாவிய அந்த வாதத்திற்கு அறிவியல் ஆதாரம் ஏதுமில்லை. இங்கே எடுக்கும் அளவு கண்ணாடிக்கு மட்டுமே பயன்படுகிறது என்பது ஆறுதல்.

கடைக்காரர் பொறுமையாக விளக்கம் சொல்கிறார். அதில் பெரும்பகுதி சரியானது. கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகையின் பழங்கால ஈமக்காட்டில் கிடைத்த மண்டையோடுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துடன் இணைந்து லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் உருவாக்கிய முகங்களின் செய்தித்தாள் படம் 2025-இல் வெளிவந்தது. அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருக்கும் இவர், மூக்கெலும்பு எங்கே முடிந்து குருத்தெலும்பு எங்கே தொடங்குகிறது என்பதை அதில் விரல் வைத்துக் காட்டுகிறார். ஆனால் “நம்ம வெயிலுக்கு மூக்குத்தண்டு இப்படித்தான் தாழ்ந்திருக்கும் சார்” என்று அவர் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், மூக்குத்துளைகளின் அகலம் வெப்பநிலையோடும் காற்றின் ஈரப்பதத்தோடும் தொடர்புடையதாகத் தெரிந்தது. ஆனால் மூக்கின் உயரம், நுனியின் துருத்தல் போன்றவற்றில் மக்கள்கூட்டங்களுக்கு இடையே காணப்பட்ட வேறுபாடு, தலைமுறைகளில் தற்செயலாக நேரும் மாற்றத்தை மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் வெயிலின் தலையில் கட்டிவிட முடியாது.

வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. அசிடேட் என்னும் பிளாஸ்டிக் பிரேமில் தாங்கிகள் வார்ப்போடு சேர்ந்தவை என்பதால் வளைக்க இயலாது. அவற்றைத் தேய்த்து எடுத்துவிட்டு உயரமான தாங்கிகளை ஒட்டித் தருகிறார்கள். என்னிடம் இதற்கு 350 ரூபாய் வாங்கினார்கள். உலோகப் பிரேமாக இருந்தால் தாங்கிகளை வளைத்தே சரிசெய்துவிடுகிறார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. காதுக்குப் பின்னால் வளைவைச் சூடுகாட்டித் திருத்தியபின், குனிந்து தரையைப் பார்க்கச் சொல்லியும் சிரிக்கச் சொல்லியும் சோதித்த பிறகே கண்ணாடியைக் கையில் தருகிறார்கள்.

குறைகளும் உண்டு. அகன்ற முகத்திற்கான பெரிய பிரேம்கள் ஆண்களுக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். பொட்டுக்குப் பொட்டு அகலமுள்ள பெண்கள் அந்த அடுக்கிலேயே தேட வேண்டியிருக்கிறது. குழந்தைகளுக்கான பிரேம்கள் மிகக் குறைவு. எந்த நாட்டுக் குழந்தையானாலும் மூக்குத்தண்டு தாழ்ந்தே இருந்து வளர வளரத்தான் உயரும் என்பதால், இவர்களுடைய திறமை அங்கேதான் அதிகம் தேவைப்படும். படிக்கட்டு செங்குத்தானது, முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்துச் செல்வோர் கீழிருந்தே குரல் கொடுத்தால், அளவெடுக்கும் பெட்டியோடு பையன் ஒருவன் இறங்கி வருகிறான். சனிக்கிழமை மாலையில் கூட்டம் அதிகம்; வார நாட்களில் மதிய உணவுக்கு முன் சென்றால் நிதானமாக அளக்கிறார்கள்.