அரமா, கிரைண்டரா, சாணையா: புல்வெட்டி பிளேட்டுக்கு எது சரி?

வன்னியில் பிளேட் மழுங்கினால் புல்லைக் குறை சொல்ல முடியாது. கிரவல் கல், இறுகிய புற்றுமண், புல்லுக்குள் மறைந்து கிடக்கும் பழைய முட்கம்பித் துண்டு, இவைதான் ஓரத்தைத் தின்பவை. மாரி முடிந்து பள்ளிக்கூட வளவிலும் கோயில் வீதியிலும் மெசின் இறங்கும்போது, வெட்டின புல்லின் நுனியைப் பாருங்கள். நார்நாராகக் கிழிந்து மறுநாள் வெளிறிப்போனால் தீட்டுகிற நேரம் வந்துவிட்டது.

எதால் தீட்டினாலும் முதலில் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள். மெசினைச் சரிக்கும்போது எயார் பில்டர் மேற்பக்கம் இருக்கட்டும். கீழே போனால் ஒயில் அதற்குள் இறங்கி, ஸ்டார்ட் பண்ணியதும் வெள்ளைப் புகை கக்கும். கழற்றமுன் பிளேட்டின் அடிப்பக்கத்தில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். தலைகீழாகப் பூட்டினால் வெட்டாது.

அரம் மெதுவானது, ஆனால் பிளேட்டைக் கெடுக்காது. 10 அங்குலத் தட்டை அரம் போதும். பிளேட்டை வைஸில் இறுக்கி, ஏற்கனவே உள்ள சரிவோடு (பெரும்பாலும் 30 பாகை அளவில்) ஒரே திசையில் தள்ளுங்கள். இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். இரு முனைக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ள வேண்டும். அடிப்பக்கத்தைத் தொடவே வேண்டாம். கல்லில் பட்டு ஓரத்தில் பல் விழுந்திருந்தால் மட்டும் அரத்தோடு மல்லுக்கட்டிக் கை சோர்ந்துவிடும்.

அந்த இடத்துக்குத்தான் நாலரை அங்குலக் கிரைண்டர். கல் டிஸ்க்கை விட 80 இலக்க பிளாப் டிஸ்க் (அரத்தாள் இதழ்கள் அடுக்கின டிஸ்க்) நல்லது. இதன் ஆபத்து சூடு. ஓரம் நீலநிறமானால் இரும்பின் பதம் இறங்கிவிட்டது. அடுத்த கிரவல் கல்லிலேயே மடங்கும். ஆகவே ஓரிரு தரம் ஓட்டி, கையால் தொடக்கூடிய சூடு வரும்வரை விடுங்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணிக்குள் போட்டால் வெடிப்பு விழலாம். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

கடைச் சாணைக்கு மண்வெட்டியும் கத்தியும் போகலாம், பிளேட் போகாமல் விடுவதே நல்லது. வட்டக்கல் ஓரத்தைக் குழிவாக்கி மெலிதாக்கும். கத்திபோல் கூர் வைத்துத் தந்தால் பார்க்க அழகு, முதல் கல்லிலேயே உதிரும். சாப்பாட்டு மேசைக் கத்தியளவு கூரே போதும்.

தீட்டின பிறகு நடுத்துளையை ஆணியில் மாட்டிப் பாருங்கள். சரிகிற பக்கம் பாரம் கூட. அந்த முனையின் பின்விளிம்பில் கொஞ்சம் தேயுங்கள், வெட்டும் ஓரத்தில் அல்ல. இதை விட்டால் கைபிடி நடுங்கும், நட்டு தளரும், கிராங் பேரிங் போய்விடும். வளைந்ததையும் வெடித்ததையும் வெல்ட் வைக்காமல் மாற்றுங்கள்.

தோளில் மாட்டும் மெசினின் மூன்று பல் பிளேட்டுக்கு அரமே போதும். ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பிப் போடலாம். நட்டு பெரும்பாலும் இடப்புரி. கழற்ற வலப்பக்கம் சுற்ற வேண்டும்.