கோவிட் காலத்தில் அம்மாவுக்கு கீமோ: நாங்கள் போய்வந்த பகல்நேரப் பிரிவு பற்றி

புற்றுநோய் மருத்துவமனைக்கு விமர்சனம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கட்டடத்தையும் காத்திருந்த நேரத்தையும் பில்லையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது அங்கே வேலை செய்தவர்களைப் பற்றி. 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று அறிவித்த அதே மாதம்தான் அம்மாவுக்கு கீமோ தொடங்கியது. மார்பகப் புற்றுநோய், ஹெர்-2 பாசிட்டிவ் வகை, அதாவது புற்று அணுக்களில் ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கும் வகை. அறுவை சிகிச்சை முன்பே முடிந்திருந்தது. ஒரு வருடத்துக்கும் மேல் அந்தப் பிரிவுக்குப் போய்வந்தோம். மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. நீங்கள் எங்கே சேர்ந்தாலும் எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவட்டும்.

முதலில் அவர்கள் மாட்டிக்கொண்ட சிக்கலைச் சொல்ல வேண்டும். கீமோ கொடுத்த பிறகு ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் தொற்று வந்தால் உடம்பால் எதிர்த்து நிற்க முடியாது. அதற்காக கீமோவைத் தள்ளிப்போட்டால் நோய் சும்மா இருக்காது. அறுவை சிகிச்சை நான்கு வாரம் தாமதமானாலே இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. எங்கள் பிரிவில் இருந்தவர்கள் அந்த ஆய்வு வரும்வரை காத்திருக்கவில்லை. ஒவ்வொரு நோயாளியின் அட்டவணையையும் எடுத்துவைத்துக்கொண்டு, 'இந்த வருகை உண்மையிலேயே தேவையா, இதை வீட்டிலேயே முடிக்க முடியாதா' என்று கேட்டார்கள். நான் கண்ட நல்ல மாற்றங்கள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவைதான்.

கீமோவுக்கு மறுநாள் வெள்ளை அணுக்களை ஏற்றுவதற்கு பெக்ஃபில்கிராஸ்டிம் என்ற ஊசி போட வேண்டும். அந்த ஒரு ஊசிக்காக முன்பெல்லாம் மறுபடி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. மூத்த சிஸ்டர் ஒருவர் என்னை உட்காரவைத்து அதை எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஃபிரிட்ஜிலிருந்து அரைமணி நேரம் முன்னால் எடுத்து வெளியே வைக்கணும், குலுக்கக் கூடாது, தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு தோலைக் கிள்ளிப் பிடிக்கணும், ஊசியை எடுத்த பிறகு அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. "பயமா இருக்கா? இருக்கட்டும்மா, மெதுவாப் போடுங்க, மருந்து எங்கேயும் ஓடிப்போகாது" என்றார். வீட்டில் முதல் தடவை போட்டபோது வீடியோ அழைப்பில் கூடவே இருந்தார். அப்போது அவருக்கு டியூட்டி முடிந்துவிட்டிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ரத்தப் பரிசோதனையை முதல் நாளே வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் லேபில் கொடுத்துவிடச் சொன்னார்கள். அறிக்கையைப் பார்த்துவிட்டு டாக்டர் போனில் பேசுவார். அவர் சரி என்றதும் மருந்தகத்தில் மருந்தைக் கலக்கும் நேரத்தைக் குறித்துவிடுவார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது பை தயாராக இருக்கும். கூட்டத்தில் பாதி நாள் உட்கார்ந்திருந்த வேலை இப்படிச் சுருங்கியது. இதை ஏன் முன்பே செய்யவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஹெர்-2 புரதத்தைக் குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாப் மருந்திலும் ஒரு மாற்றம். கீமோ சுற்றுகள் முடிந்த பிறகும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதை மட்டும் தொடர வேண்டியிருந்தது. அதுவரை டிரிப்பில் ஏற்றியதை நிறுத்திவிட்டு, தொடையில் தோலுக்கடியில் போடும் 600 மில்லிகிராம் ஊசிக்கு மாற்றினார்கள். பார்க்கச் சின்ன வேலை மாதிரித் தெரியும். ஆனால் 5 மில்லி மருந்தைத் தோலுக்கடியில் அவசரமாகத் தள்ள முடியாது, ஐந்து நிமிடம் வரை எடுத்துத்தான் செலுத்த வேண்டும். சிஸ்டர் கவச உடையோடு ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையால் அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கட்டைவிரலைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துவார். முகக்கண்ணாடிக்குள் வியர்வை வழியும். துடைக்க முடியாது, கை நகரவும் கூடாது. அந்த ஐந்து நிமிடமும் அம்மாவிடம் பேசிக்கொண்டே இருப்பார்.

பேசுவதுதான் அங்கே பெரிய பாடாக இருந்தது. அம்மாவுக்குக் காது மந்தம், உதடு அசைவதைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்வாள். எல்லோரும் மாஸ்க் போட்டதும் அவள் தனித்துப்போய்விட்டாள். இரண்டாம் முறை போனபோது கட்டிலருகே ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கரும் இருந்தன. நாங்கள் கேட்காமலே வைத்திருந்தார்கள். சிஸ்டர்கள் சிரித்த முகத்தோடு எடுத்த புகைப்படத்தைக் கவச உடையின் நெஞ்சில் ஒட்டியிருந்தார்கள். அம்மா ஒவ்வொருவரையும் நிறுத்தி, படத்தைப் பார்த்து, "இதுதானா கண்ணு உன் மூஞ்சி" என்று கேட்பாள்.

இந்தப் பிரிவுக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பது இரவு உதவி எண்ணுக்காக. கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அது சில மணி நேரத்துக்குள் உயிரைக் குடிக்கும் தொற்றாக இருக்கலாம். அதே காய்ச்சல்தான் கோவிட்டுக்கும் அடையாளம். எல்லா வாசலிலும் காய்ச்சல்காரர்களைத் தனி வரிசைக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அம்மாவுக்கு ஓர் இரவு 101 டிகிரி ஏறியது. போனை எடுத்தவர் புற்றுநோய்ப் பிரிவின் சிஸ்டர். கடைசி கீமோ என்றைக்கு, நடுக்கம் உண்டா, மூச்சு எப்படி, சிறுநீர் போனாரா என்று கேட்டார். "100.4 தாண்டினாலே எங்களுக்கு அவசரம்தான். பாராசிட்டமால் கொடுத்துட்டுக் காலைல பார்க்கலாம்னு இருக்காதீங்க, கிளம்புங்க" என்றார். பக்கவாசலில் ஓர் அறை ஒதுக்கி வைத்திருந்தார்கள். கோவிட் சோதனைக்கு மாதிரி எடுத்தார்கள். ஆனால் அதன் முடிவுக்குக் காத்திருக்காமல், ரத்தம் எடுத்த கையோடு, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏறிவிட்டது. தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான நியூட்ரோஃபில் 500க்கும் கீழே போயிருந்தது. கோவிட் இல்லை. வரிசையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு நடுக்கம் வருகிறது.

கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு மூன்று வாரத்தில் 15 தவணை என்று முதலில் சொல்லியிருந்தார்கள். 2020 ஏப்ரலில் ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வு வெளியானது. ஒரே வாரத்தில் 5 தவணையாக மொத்தம் 26 கிரே (கதிர்வீச்சின் அளவு) கொடுத்தாலும் மார்பகப் புற்றுநோயில் பலன் குறைவதில்லை என்று அது காட்டியது. அம்மாவின் நிலைமைக்கு இது பொருந்தும் என்று டாக்டர் விளக்கினார், ஒரே வாரத்தில் முடிந்தது.

குறைகளும் உண்டு, அவை சின்னவை அல்ல. துணைக்கு யாரும் வரக் கூடாது என்ற விதியை ஆரம்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொண்டார்கள். சரியாகக் காது கேட்காத ஒரு பெண்ணைத் தனியாக உட்காரவைத்து, மருந்தின் பக்கவிளைவுகளை மாஸ்க்குக்குள்ளிருந்து விளக்கியது தவறு. அம்மா வெளியே வந்தபோது பாதி விஷயம் அவளுக்குத் தெரியவில்லை. நான் எழுதிக் கொடுத்த பிறகுதான் டாக்டரின் அறையில் என் போனை ஸ்பீக்கரில் போட ஒப்புக்கொண்டார்கள். இன்னொன்று, மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் பொருத்தும் போர்ட் என்ற சின்னக் கருவியை வைத்த இடத்தில் தோல் சிவந்திருந்ததைப் போனில் சொன்னபோது டாக்டர் 'பரவாயில்லை' என்று விட்டுவிட்டார். அடுத்த முறை போனபோது சிஸ்டர்தான் பார்த்துவிட்டு உடனே அவரைக் கூப்பிட்டார். ஒரு புகைப்படம் அனுப்பச் சொல்லியிருக்கலாம். கண்ணால் பார்க்க வேண்டியதைக் காதால் கேட்டு முடிவு செய்யக் கூடாது.

அங்கே வேலை செய்தவர்களுக்கு இதெல்லாம் எளிதாக இருக்கவில்லை. இரண்டு குழுவாகப் பிரிந்து வாரம் மாற்றி வந்தார்கள், ஒரு குழுவில் தொற்று வந்தால் இன்னொன்று பிரிவை நடத்தும். அதனால் வருடக்கணக்கில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள் மாதக்கணக்கில் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எனக்கு ஊசி கற்றுக்கொடுத்த சிஸ்டர் குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு விடுதியில் தங்கியிருந்தார். மூக்கின் மேல் மாஸ்க் அழுத்திய தழும்பு ஆறவே இல்லை. நிர்வாகம் அவர்களுக்கு ஓய்வும் ஆளும் போதுமான அளவு கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் வெட்டும் மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான்.

ஐந்துக்கு நான்கு. 2023 மே மாதம் கோவிட் அவசரநிலை முடிந்ததாக அறிவித்த பிறகும் தொடை ஊசி, வீட்டில் போடும் ஊசி, முதல் நாள் ரத்தப் பரிசோதனை மூன்றையும் விடாமல் வைத்திருக்கிறார்கள். துணைக்கு ஒருவர் உள்ளே போகலாம். நீங்கள் புதிதாக ஓரிடத்தில் சேரப்போகிறீர்கள் என்றால் முதல் நாளே இரவு உதவி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதை எடுப்பவர் வரவேற்பாளரா, புற்றுநோய்ப் பிரிவின் சிஸ்டரா என்று நேராகவே கேளுங்கள். காய்ச்சலோடு வந்தால் எந்த வாசல், எவ்வளவு நேரத்தில் ஆன்டிபயாட்டிக் ஏறும் என்றும் கேளுங்கள். தடுமாறாமல் பதில் சொல்கிற இடமாகப் பார்த்துச் சேருங்கள்.