மெத்தோட்ரெக்சேட் போதாதபோது: மூன்று மாத்திரைகளா, ஊசியா?

காலையில் எழுந்ததும் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல், விரல்கள் இளகுவதற்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால், மூட்டுச் சவ்வில் அழற்சி இன்னும் அடங்கவில்லை என்று கொள்ளலாம். எலும்பை அரிப்பதற்குள் அந்த அழற்சியை அடக்கி, ஆண்டுக்கணக்கில் அப்படியே வைத்திருப்பதே முடக்குவாத மருத்துவத்தின் நோக்கம். வலி மாத்திரைகளால் அது ஆகாது.

வேகம் மட்டும் போதுமென்றால் ஸ்டீராய்டே போதும். 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹெஞ்ச் முதன்முதலில் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது, நடக்கவே சிரமப்பட்ட நோயாளி சில நாட்களில் எழுந்து நடந்தார்; 1950-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. எலும்பு மெலிவு, சர்க்கரை நோய், கண்புரை, தொற்று ஆகியவை பின்னால் வந்து கணக்குக் கேட்டன. ஆகவே இன்று அதைக் குறைந்த அளவில், கூடுமானவரை 3 மாதங்களுக்குள் நிறுத்தும் திட்டத்தோடுதான் தொடங்குகிறார்கள்.

நிலைத்து நிற்கும் முதல் மருந்து மெத்தோட்ரெக்சேட். பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகும். இரத்த அணுக்களையும் கல்லீரலையும் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். ஃபோலிக் அமிலமும் உடன் வேண்டும். கருவுற்ற காலத்தில் இதை எடுக்கவே கூடாது. வாரத்துக்கு ஒரு முறை மட்டும் எடுக்க வேண்டிய இந்த மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் விழுங்கினால் வாய்ப்புண்ணில் தொடங்கி உயிரே போகக்கூடும் என்பதால், மருந்து அட்டையின் மேலேயே கிழமையை எழுதிவைப்பது நல்லது.

இது மட்டும் போதாதவர்களுக்குத்தான் உண்மையான போட்டி தொடங்குகிறது. அதனோடு சல்ஃபாசலசீன், ஹைட்ராக்சிகுளோரோகுவின் இரண்டையும் சேர்க்கலாம்; அல்லது எட்டனர்செப்ட், அடாலிமுமாப் போன்ற, டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை முடக்கும் ஊசியைச் சேர்க்கலாம். 2013-இல் வெளியான ராகேட் ஆய்வு, மெத்தோட்ரெக்சேட் போதாத 353 பேரிடம் மும்மருந்தையும் எட்டனர்செப்ட் கூட்டையும் ஒப்பிட்டது. 24 வாரங்களில் பலன் காணாதவர்கள் எதிரணிக்கு மாற்றப்பட்டனர். 48 வாரங்களின் முடிவில் மும்மருந்து பின்தங்கவில்லை. எக்ஸ்ரே படங்களிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

மாத்திரையில் தொடங்கி, தேவைப்பட்டால் ஊசிக்கு மாறுவதால் பொதுவாக இழப்பில்லை என்றே அதை நான் வாசிக்கிறேன். ஆனால் ஆய்வில் இருப்பவர் வேறு, வீட்டில் இருப்பவர் வேறு. மும்மருந்து என்றால் தினமும் ஒரு கைப்பிடி மாத்திரை. சல்ஃபாசலசீன் வயிற்றைப் புரட்டும், சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் (முன்பே சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள்). ஹைட்ராக்சிகுளோரோகுவினுக்கு விழித்திரைப் பரிசோதனை வேண்டும். ஊசி சில வாரங்களிலேயே பலன் தரும், எண்ணிக்கைத் தொல்லையும் இல்லை. அதேசமயம் உள்ளுறைந்த காசநோயை அது கிளப்பிவிடக்கூடும் என்பதால் காசநோய்க்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் முன்பரிசோதனை தவிர்க்கவே கூடாதது. சிலரது உடல் மருந்தையே எதிர்க்கத் தொடங்குவதால் பலன் மெல்ல மங்குவதும் உண்டு.

செல்லுக்குள் அழற்சிச் செய்தியைக் கடத்தும் ஜாக் நொதிகளைத் தடுக்கும் டோஃபாசிடினிப் போன்ற மாத்திரைகள் இரண்டுக்கும் நடுவே கவர்ச்சியாகத் தோன்றும். இதயநோய் அபாயமுள்ள, 50 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த ஆய்வில், டிஎன்எஃப் ஊசியைவிட டோஃபாசிடினிப்பில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகளும் புற்றுநோயும் கூடுதலாகக் காணப்பட்டன. அத்தகையவர்களுக்கு இதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

இரத்தத்தில் ஆன்டி-சிசிபி (முடக்குவாதத்தில் காணப்படும் எதிர்ப்புரதம்) அளவு மிகுந்தவர், புகைப்பவர், தொடக்கத்திலேயே எலும்பு அரிப்பு தெரிந்தவர் ஆகியோருக்கு நோயின் போக்கு கடுமையாக இருக்கக்கூடும்; அவர்களிடம் ஊசிக்கு மாறுவதில் தாமதம் கூடாது. எந்த வழியானாலும் 3 மாதத்தில் தெளிவான முன்னேற்றமும் 6 மாதத்தில் இலக்கும் எட்டப்படாவிட்டால் மருந்தை மாற்றவேண்டும். நோய் நெடுநாள் தணிந்திருந்தால் முதலில் ஸ்டீராய்டை விட்டு, பிறகு ஊசிகளின் இடைவெளியை நீட்டிப் பார்க்கலாம். எல்லா மருந்தையும் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் பலருக்கு வீக்கம் திரும்புகிறது.