மூக்குத் தண்டு அறுவைக்குப் பிறகு: பஞ்சா, தகடா, தையலா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரர்கள் மூக்குத் தண்டு (இரு துளைக்கும் நடுவிலுள்ள சுவர்) வளைவுக்கு அறுவை என்றால் ஈப்போவுக்குத்தான் போகிறோம். கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். தோட்டத்து லயத்தில் இருப்பவருக்கு மெயின் ரோட்டைப் பிடிப்பதே தனிப் பயணம். அதனால் அறுவை முடிந்து மூக்குக்குள் என்ன வைப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பஞ்சு அடைப்பு பழைய முறை. ஒன்றிரண்டு நாள் வாயால்தான் மூச்சு, தூக்கமே வராது. உருவும்போது உயிர் போகிற வலி. என் அண்ணனுக்கு அறுவை மறந்துவிட்டது, அந்த உருவல் மறக்கவில்லை. ரத்தம் நிற்காவிட்டால் வேறு வழியில்லை, சரி. எல்லாருக்கும் அடைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு வைத்தது சிலிக்கோன் தகடு, ஸ்பிளிண்ட் என்பார்கள். தண்டின் இரு பக்கமும் மெல்லிய தகடு வைத்து முன்னால் ஒரு தையல் போடுவார்கள். பெரும்பாலும் ஒரு வாரம் இருக்கும். புண்ணான தண்டும் பக்கச் சுவரும் ஒட்டிக்கொள்ளாமல் காப்பதுதான் அதன் முக்கிய வேலை. பக்கச் சுவரில் புடைத்திருக்கும் டர்பினேட் சதையையும் சேர்த்துக் குறைத்திருந்தால், அல்லது தண்டின் மேல்தோல் கிழிந்திருந்தால், அந்த ஒட்டல் பயம் கூடுதல். அப்போது தகடு வேண்டாம் என்று அடம்பிடிக்காதீர்கள். சில தகடுகளில் மூச்சுக்குக் குழாய் உண்டு. எனக்கும் இருந்தது, ஆனால் சளியும் ரத்தக்கட்டியும் இரண்டாம் நாளே அதை அடைத்துவிட்டன. உப்புநீர் அடித்துக்கொண்டே இருந்தேன். வாரம் முழுக்க முகம் கனத்துக் கிடந்தது. எடுப்பதற்குச் சில விநாடிதான்: தையலை வெட்டி இழுத்தார்கள், கண்ணில் தண்ணீர் வந்தது, அடுத்த மூச்சு நெஞ்சு வரை இறங்கியது.

மூன்றாவது, வெறும் தையல். கரையும் நூலால் மெத்தை தைப்பதுபோல் தண்டின் இரு பக்கத் தோலையும் சேர்த்துக் குறுக்கே தைப்பார்கள். நடுவில் ரத்தம் தேங்க இடம் குறைகிறது. பிறகு உருவ ஒன்றுமில்லை. பஞ்சோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் வலி குறைவு, ரத்தக்கசிவும் கூடவில்லை. அறுவை நேரம் மட்டும் கொஞ்சம் நீளும்.

சாதாரண வளைவுதான் என்று டாக்டர் சொன்னால், நான் தையலைத்தான் கேட்பேன். தகடு எடுக்கவென்றே ஒரு நாள் சம்பளம் போகாது. ஆனால் எது வைத்தாலும் செம்பனைக் குலை தூக்குவது, மூக்கைச் சீந்துவது எல்லாம் இரண்டு வாரமாவது கூடாது.

அப்புறம் ஒன்று. அடைப்பு குறையாமல் கூடிக்கொண்டே போய், விண்விண்ணென்று தெறித்து, காய்ச்சலும் வந்தால் உள்ளே ரத்தம் தேங்கியிருக்கலாம். குருத்தெலும்பு சில நாளிலேயே அழுகி மூக்கு உள்வாங்கிவிடும். விடியட்டும் என்று படுக்காதீர்கள், பக்கத்து வீட்டில் கார் வைத்திருப்பவரை எழுப்பிக் கிளம்புங்கள்.